கண்ணாப்பட்டை

அஜந்தா தன் தலையைத் தானே வாரிக் கொண்டை போட்டதைக் கண்ட அன்றுதான் வதனி தன்னுடைய ஆய்வைத் தானே நம்பத் தொடங்கினாள்.

செட்டிபாளையத்து வீட்டின் முன் விறாந்தையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள் வதனி. குளித்துவிட்டு வந்த அக்கா கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அந்தக் கைகள் தோளுக்கு மேலே எழும்பி வருடங்களாகியிருந்தன. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சட்டைக்கு ஊசி குத்தவும் புருசனைக் கூப்பிட வேண்டும். அப்படிப்பட்ட கைகள் இப்போது பின்னால் போய் ஈர முடியைத் திரட்டி, முறுக்கி, கிளிப்பைக் குத்தி நிறுத்தின.

"என்ன அப்பிடிப் பாக்கிறாய்?" என்றாள் அஜந்தா. "எல்லாம் உன்ட மருந்துதான் புள்ள."

வதனி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் படிப்பிக்கிற ஒருத்தி, மாணவர்களுக்கு முன்னால் எதையும் ஆதாரமில்லாமல் ஒப்புக்கொள்ளாதவள், அக்காவின் கொண்டையைப் பார்த்து அழுதுவிட்டாள்.

அஜந்தாவுக்கு இருந்தது உடம்பு தன் மூட்டுகளைத் தானே பகைத்துக்கொள்கிற நோய். அது வருவதற்கு முன்னால் செட்டிபாளையத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் கலியாணப் பொம்பிளைகளின் சட்டையெல்லாம் அவள் கையால் தைத்ததுதான். நோய் வந்ததும் தையல் மெசின் சீலையால் மூடப்பட்டது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கிழமைக்கு ஒருமுறை குடிக்க மஞ்சள் குளிசை கொடுத்தார்கள். அதைக் குடித்தால் நோய் அடங்கிக் கிடந்தது. முழுதாகப் போகவில்லை என்றாலும் அவள் சமைத்தாள், கூட்டினாள், கோயிலுக்குப் போனாள். பிறகு நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. கிளினிக்கில் இல்லை, வெளியே வாங்குங்கள் என்றார்கள். வெளியேயும் இல்லை. அஜந்தா கட்டிலில் விழுந்தாள்.

வதனி அழற்சியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதே அக்காவின் கைகளைப் பார்த்துத்தான். வாவிக்கரையில் தண்ணீருக்குள் வேரை ஊன்றி நிற்கிற கண்ணா மரத்தின் பட்டையை அத்தான் கனகசிங்கம்தான் முதல் முதலில் உரித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் வலைக்குச் சாயம் ஏற்றுவதற்கு மீன்பிடிகாரர் அவித்த பட்டை. வதனி அதை நிழலில் காயவைத்து, அரைத்து, சாரத்தை வடித்தெடுத்தாள். ஆய்வுகூடத்தில் ஊதா நிறக் கரைசல் ஒன்றுக்குள் அந்தச் சாரத்தில் ஒரு துளி விட்டால், ஊதா மெல்ல வெளிறி மஞ்சளாகும். உடம்பின் கலங்களை அரிக்கிற பொருட்களை இது தணிக்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம். பிறகு எலிகள். எலியின் பாதத்தில் ஊசியேற்றினால் பாதம் பொங்கும். கண்ணாச் சாரம் குடித்த எலிகளுக்கு அந்த வீக்கம் பாதிக்குப் பாதி குறைவாக இருந்தது. அளந்தாள், திருப்பி அளந்தாள், குறைவுதான். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கடைசிப் பந்தியில் வதனி கவனமாக எழுதியிருந்தாள், மனிதரில் இது வேலை செய்யுமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும் என்று.

கட்டுரையின் கடைசிப் பந்தியை யாரும் வாசிப்பதில்லை.

அவளுடைய மாணவர்களில் கெட்டிக்காரன் நிலோஜன். கிரானில் வயல் செய்கிற குடும்பம். எலிகளுக்கு மருந்து பருக்கியதில் பாதி வேலை அவன் செய்தது. பட்டம் முடித்து வேலையில்லாமல் அலைந்து, கடைசியில் கண்ணாப்பட்டையைத் தூளாக்கி டின்னில் அடைத்து விற்கிற யோசனையோடு வந்து நின்றான். பெயர்கூட வைத்திருந்தான், வாவிச் சஞ்சீவி.

"மருந்து எண்டு போடல்ல மிஸ். சத்துமா எண்டுதான் பதியிறன். உங்கட ஆராய்ச்சியில வந்தது எண்டு மட்டும் ஒரு வரி."

வதனி யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெடியன் சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிறான், நம்முடைய மண்ணின் மரம், நம்முடைய ஆய்வு, இதில் என்ன கெடுதி என்று நினைத்தாள். அறிமுக விழாவில் குத்துவிளக்கேற்றினாள். "எங்கட வாவிக்கரையில மருந்து நிண்டுகொண்டிரிக்குது, நாங்கதான் கண்டுகொள்ளல்ல" என்று பேசினாள். மண்டபம் கைதட்டியது. அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டியெடுத்து நிலோஜன் முகநூலில் போட்டான். டின்னில் ஒட்டுவதற்கு ஒரு படம் கேட்டான். வதனி நல்ல படமாகத் தேடி அனுப்பிவைத்தாள்.

அஜந்தா பொடியைக் குடிக்கத் தொடங்கியது அவளுக்குத் தெரியாது. தெரியவந்தபோது அக்கா எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதே வதனியின் மூளைக்குள் ஒரு கணக்கு ஓடியது. எலிகளுக்குக் கொடுத்தது வடித்து வற்றவைத்த சாரம். அந்த அளவில் ஒரு மனிசிக்குக் கொடுப்பதென்றால் ஒரு சுளகு நிறையப் பட்டை வேண்டும். அக்கா குடிப்பது வெறும் தூள், அதுவும் தேக்கரண்டி அளவு. இது எப்படி என்று ஒரு கேள்வி எழும்பியது. ஆனால் அக்கா கொண்டை போட்டாள். தையல் மெசினின் சீலையை எடுத்தாள். வதனிக்கென்று ஒரு பச்சைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். நிலோஜன் கமராவோடு வந்து, அஜந்தா ஊசியில் நூல் கோக்கிறதைப் படம் பிடித்துக்கொண்டு போனான். இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைக்க வதனிக்கு மனம் வரவில்லை. கிளினிக்கில் மஞ்சள் குளிசை திரும்ப வந்துவிட்டதாம் என்று அத்தான் சொன்னபோதுகூட, "இனி அது எனக்கு என்னத்துக்கு" என்று அக்கா சிரித்தாள். வதனி ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். உடன் பணிபுரிகிறவர்களிடம், "என்ட சொந்த அக்காவே" என்று தொடங்கிப் பெருமையாகக் கதை சொன்னாள்.

கனகசிங்கம் அதிகம் பேசாத மனிதர். வாவியை ஊர்வழக்கப்படி ஆறு என்றுதான் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வதனி போயிருந்தபோது தோணியைக் கரையேற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"வதனி, ஒருக்கா இஞ்ச வந்து பாருங்க."

கரையோரத்துக் கண்ணாப்பத்தையில் பாதி மரங்கள் இடுப்பளவுக்கு உரிக்கப்பட்டு வெள்ளையாக நின்றன. சுற்றி உரித்தால் மரம் செத்துப்போகும். சிலதில் இலை முழுவதும் மஞ்சளடித்துக் கொட்டியிருந்தது.

"பழுகாமத்தில இருந்தெல்லாம் தோணியில வந்து உரிச்சிட்டுப் போறானுகள். கிரானுக்குக் கொண்டு குடுத்தாக் காசாம். றால் குஞ்செல்லாம் இந்த வேருக்குள்ளதான் கிடக்கிற. வேர் செத்தா றாலும் இல்ல." அவர் காலால் சேற்றைக் கிளறினார். "நான்தானே முதல் உரிச்ச ஆள். யாரை என்னெண்டு ஏசுற."

அவர் சொல்லவந்தது அதோடு முடியவில்லை.

"உங்கட அக்காவைப் பற்றியும் ஒண்டு கேக்கோணும். அவக்கு இப்ப சரியான பசி. எந்த நேரமும் எதையாவது தின்னுறா. தண்ணி தண்ணியாக் குடிக்கிறா. நித்திர எண்டு ஒண்டு இல்ல. முகம் நல்லா வெளிச்சிருக்குது எண்டு சனம் சொல்லுது. எனக்கு அது வெளிச்ச மாதிரித் தெரியல்ல. ஊதின மாதிரித் தெரியுது."

வதனி வீட்டுக்குள் போய் அக்காவைப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்த்த முகம்தான். கன்னம் இரண்டும் உருண்டு, தாடைக்குக் கீழே சதை வைத்து, முழுநிலா மாதிரி ஆகியிருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் ஊதாப் புள்ளி விழுந்திருந்தது. பாடப் புத்தகத்தில் எல்லோரும் படிக்கிற முகம் அது. ஸ்டீரொயிட் மருந்தை அளவுக்கு மேலே குடிக்கிறவர்களின் முகம். வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டு வருடா வருடம் அவளே படிப்பித்திருக்கிறாள்.

"என்ன புள்ள, நான் கொழுத்திட்டன் எண்டு பாக்கிறியா?" என்று அஜந்தா சிரித்தாள்.

வதனி டின்னிலிருந்து கொஞ்சப் பொடியைக் கடதாசியில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் அவள் செய்தது முதலாம் வருட மாணவனும் செய்யக்கூடிய சோதனை. வெள்ளைப் பூச்சுள்ள ஒரு தகட்டின் அடியில் மூன்று பொட்டு வைத்தாள். ஒன்று, அவளே பதப்படுத்தி வைத்திருந்த பழைய கண்ணாப்பட்டை. மற்றது நிலோஜனின் பொடி. மூன்றாவது, பாமசியில் வாங்கிய டெக்சாமெதசோன் குளிசை. அதுதான் மலிவான ஸ்டீரொயிட், குறுணிக் குளிசை, அரைத்தால் அரிசிமாவைப் போல எதற்குள்ளும் கலந்துவிடும். தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்துக்கு ஏறி நிற்கும். காய்ந்த தகட்டைப் புற ஊதா வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய பட்டையில் அந்த உயரத்தில் ஒன்றும் இல்லை. பொடியிலும் குளிசையிலும் ஒரே உயரத்தில், ஒரே அளவு கறுப்பாக, இரண்டு பொட்டு.

வேறு கரைப்பானில் திரும்பச் செய்தாள். அதே இரண்டு பொட்டு.

விளக்கை அணைத்துவிட்டு அவள் அந்த இருட்டறையிலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் அவளுக்கு வந்த துக்கம் அக்காவைப் பற்றியது அல்ல. அப்படியென்றால் பட்டை ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் முதலில் வந்தது. அக்கா அதற்குப் பிறகுதான் வந்தாள். இந்த வரிசையைக் கவனித்தபோது வதனிக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

கிரானில் ஒரு பழைய அரிசி ஆலையின் களஞ்சியத்தில் நிலோஜனின் வேலைத்தலம். முற்றத்தில் நெல் காயவைக்கிற படங்குகளில் பட்டை சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பெண்கள் டின்களுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு லேபலிலும் வதனி சிரித்தாள்.

நிலோஜன் அவளைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"டெக்சா போட்டிருக்கிறாய்."

அவன் மறுக்கவில்லை. பெண்களைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய இருங்க" என்றான். அவர்கள் போனதும் கதவைச் சாத்தினான்.

"மிஸ் எப்பயோ கண்டுபிடிச்சிருப்பீங்க எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் சோதிச்சுப் பாக்காம இருந்ததுதான் ஆச்சரியம்."

"என்னெண்டு உனக்கு மனசு வந்த?"

"முதல் விட்ட டின்னெல்லாம் வெறும் பட்டைதான் மிஸ். அம்மா மேல சத்தியமா. உங்கட பேப்பரை நம்பித்தான் இறங்கினன். ஒரு ஆளுக்கும் ஒண்டும் நடக்கல்ல. மறுகா ஒரு சனமும் வாங்க வரல்ல. கடைக்காரர் டின்னைத் திருப்பி அனுப்பினாங்க."

"அப்ப நிப்பாட்டியிருக்கோணும்."

"நிப்பாட்டினா, கண்ணாப்பட்டையில ஒண்டுமில்ல எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். எனக்கு மட்டுமா மிஸ் அது? உங்களுக்கும்தானே."

அவன் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிறவனைப் போலவே பேசினான்.

"அக்காக்குச் சீனி வருத்தம் வரும். எலும்பு கரையும். கிளினிக் குளிசையை விட்டிட்டா. உள்ளுக்குள்ள மூட்டெல்லாம் அரிச்சிக்கொண்டிரிக்கும், நோவு மட்டும் தெரியாது. இதெல்லாம் நீ படிச்சனிதானே."

"படிச்சன். அக்கா படுக்கையில கிடந்தத்தையும் கண்டன். இப்ப தையல் தைக்கிறா. மிஸ், சனம் வாறது பட்டைக்கு இல்ல, நோவு போறதுக்கு. அதை நான் குடுக்கிறன்."

"இதை நான் விடமாட்டன் நிலோஜன்."

"சொல்லுங்க மிஸ். உங்களுக்கு ஏலும். ஆனா டின்னில இரிக்கிற முகம் என்டயில்ல."

அங்கிருந்து நேரே செட்டிபாளையத்துக்குப் போனாள். அஜந்தா மெசினில் இருந்தாள். வதனி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பொடியில் கலந்திருப்பதைச் சொன்னாள். இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, உடம்பு தனக்கு வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், நாளைக்கே கிளினிக்குக்குப் போவோம், டொக்டரோடு நானே கதைக்கிறேன் என்றாள்.

அஜந்தா மெசினின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"உன்ட பட்டை எண்டுதானே சொன்னாய்?"

"பட்டையில்ல அக்கா. அவன் கலந்திருக்கிறான்."

"விளக்கேத்தினது நீதானே? டின்னில இரிக்கிறது நீதானே?"

"நான்தான். எனக்குத் தெரியாது அக்கா."

"தெரியாமலா இவ்வளவு நாளும் என்னைப் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டாய்?" அஜந்தா துணியை மடித்து வைத்தாள். "அவன் பேரெடுக்கிறான் எண்டு உனக்கு எரிச்சல். போ வதனி. எனக்கு வேலை கிடக்கு."

"அக்கா, அப்பிடியில்ல."

"நான் உன்னோட ஒரு இடத்துக்கும் வரல்ல. போ."

வதனி மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். படலை பூட்டியிருந்தது. அத்தான் வெளியே வந்து கையை விரித்தார்.

அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். மருந்துப் பரிசோதகரிடம் முறைப்பாடு கொடுத்தாள், பொடியையும் தகட்டின் படத்தையும் கொடுத்தாள். குடிக்கிறவர்கள் சடுதியாக விடக்கூடாது என்று அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டாள். அவர்களும் கேட்டபடியே செய்தார்கள். கொழும்புக்கு அனுப்பிச் சோதித்து, கிரானில் களஞ்சியத்துக்குச் சீல் வைத்தார்கள். கடைகளிலிருந்த டின்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, வாவிச் சஞ்சீவி குடித்தவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். ஓடுகிற ஓட்டோவிலிருந்து சனத்துக்குக் கேட்டது பாதிதான். பொடியில் நஞ்சாம் என்று பேச்சாயிற்று. பயந்தவர்கள் டின்னோடு வாவிக்குள் எறிந்தார்கள்.

அஜந்தாவிடம் மீதியிருந்த டின்னும் முடிந்தது. வாங்கக் கடையில் இல்லை. கிளினிக்குக்குப் போவதென்றால் வதனி சொன்னது சரி என்றாகிவிடும். அவள் போகவில்லை. உடம்பு உளைகிறது என்று படுத்தாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். வலை எடுக்கப் போன கனகசிங்கம் முற்பகலில் திரும்பி வந்தபோது, அடுப்படியில் வாந்திக்கு நடுவே நினைவில்லாமல் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் வதனி ஓடிப்போய் நின்றபோது இளம் டொக்டர் ஒருத்தி சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தாள். இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. என்ன மருந்து குடித்தவ என்று டொக்டர் கேட்டாள். வதனி விவரமாகச் சொன்னாள், பொருளின் பெயர், ஏறத்தாழ அளவு, எவ்வளவு காலம். டொக்டர் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த டின்னில இருக்கிற ஆள் நீங்கதானே?"

"ஓம்" என்றாள் வதனி.

டொக்டர் ஊசியை ஏற்றினாள். மாலைக்குள் அஜந்தா கண் திறந்தாள். திறந்த கண் வதனியைக் கண்டதும் மூடிக்கொண்டது.

பக்கத்துக் கட்டிலில் பழுகாமத்து ஆச்சிப்பிள்ளை என்ற வயதான மனுசி. அவளும் அதே பொடிதான், அதே போல் விட்டவள்தான். அவளைக் கொண்டுவரப் பிந்திவிட்டது. அவளுடைய மகள் வதனியை அடையாளம் காணவில்லை. சுடுதண்ணிப் போத்தலை அவள் கையில் கொடுத்து, "ஒருக்கா இதைப் பிடிங்க கா" என்றுவிட்டுத் தாயின் மேலைத் துடைத்தாள். துடைத்து முடிவதற்குள் கிழவியின் மூச்சு மாறியது. தாதிமார் திரையை இழுத்தார்கள். வதனி போத்தலோடு திரைக்கு வெளியே நின்றாள். மகள் அழுத சத்தம் அடங்கிய பிறகும், யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிலோஜனுக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது. கட்டிவிட்டு வெளியே வந்தான். இப்போது வேறொரு மாவட்டத்தில் வேறொரு மரத்தின் பெயரில் ஏதோ செய்கிறானாம். வதனி சஞ்சிகையிலிருந்து தன் கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகத் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"என்ன காரணம் போடுவீங்க?" என்று அவர் கேட்டார். "எலிக்கு வீக்கம் வத்தினது பொய்யா?"

"இல்ல சேர்."

"அளந்தது பிழையா?"

"இல்ல."

"பிறகு?"

கட்டுரையில் ஒரு எழுத்தும் பிழையில்லை. ஆய்வுகூடத்தில் இன்றைக்கும் ஊதாக் கரைசலுக்குள் கண்ணாச் சாரத்தை விட்டால் அது மஞ்சளாகும். வேறு நாட்டு ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் பீடத்தின் சிறந்த ஆய்வுக்கான விருது அதற்கே கிடைத்தது. வதனி விழாவுக்குப் போகவில்லை. யாரோ அவளுடைய பெயரில் வாங்கி, கேடயத்தை அவளுடைய மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அஜந்தா வீட்டுக்கு வந்தாள். மஞ்சள் குளிசையும் திரும்பத் தொடங்கியது. ஆனால் நோவு தெரியாமல் இருந்த அந்த மாதங்களில் நோய் தன் வேலையைச் செய்திருந்தது. எக்ஸ்ரேயில் விரல் மூட்டுகளின் ஓரங்கள் கறையான் அரித்த பலகை போல இருந்தன. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அவை இனி நிமிராது என்று டொக்டர் சொன்னார். மெசினை அத்தான் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

வதனி சனிக்கிழமைகளில் போவாள். அக்கா வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. வதனி சமைப்பாள், உடுப்புத் தோய்ப்பாள், அக்காவுக்குச் சோற்றைப் பிசைந்து கரண்டியோடு வைப்பாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை பகலில் படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. காத்தான்குடியிலிருந்து பஹீமா என்று ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், இரண்டு முழங்காலும் வீங்கி, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மகனை ஓட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு விறாந்தைப் படியில் மெல்ல உட்கார்ந்தாள். அஜந்தா நூல் கோக்கிற வீடியோவைப் பார்த்து, விசாரித்து விசாரித்து வந்ததாக அஜந்தாவிடம் சொன்னாள்.

"தங்கச்சி, உங்களிட்ட அந்தப் பொடி மிச்சம் சொச்சம் ஏதும் கிடக்கா? ஒரு கரண்டியெண்டாலும் பரவாயில்ல."

அஜந்தா தன் சாய்ந்த விரல்களால் தங்கையைக் காட்டினாள்.

"ஆக்கினவ இவதான். இவவிட்டக் கேளுங்க."

பஹீமா திரும்பி வதனியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் வதனி தாங்கியிருப்பாள். அதில் இருந்தது ஆசை. வதனி அவளுக்கு முன்னால் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். பட்டையைப் பற்றி, கலப்பைப் பற்றி, செத்துப்போன கிழவியைப் பற்றி, அக்காவின் கைகளைப் பற்றி. பஹீமா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதெல்லாம் தெரியும் மகள். ஓட்டோவிலயும் சொன்னாங்க, பள்ளிவாசலிலயும் சொன்னாங்க. நான் அதைக் கேக்கல்ல. நோவு போற சாமான் இரிக்கா எண்டுதான் கேட்டன்."

"கிளினிக்குக்குப் போங்க உம்மா. அங்க மருந்து வந்திட்டு."

"அங்க இரிந்துதான் வாறன்."

அவள் படியைப் பிடித்து எழுந்தாள். எழும்பும்போது அல்லாஹ் என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள். வதனி கை கொடுக்கப் போனாள். பஹீமா அதைக் கவனிக்காமல் மகனைக் கூப்பிட்டாள். ஓட்டோ மணல் ஒழுங்கையால் திரும்பிப் போனது.

பிறகு அஜந்தா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொட்டு முதல் தடவையாக, கேளாமலே பேசினாள்.

"அந்த நாலைஞ்சு மாசமும் நான் நல்லா இருந்தன் வதனி."

"அது நல்லா இருந்த இல்ல அக்கா. உள்ளுக்குள்ள எலும்பு கரைஞ்சுகொண்டிருந்த."

"இப்ப மட்டும் கரையல்லியா?"

அஜந்தா சாய்ந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் கள்ளன்தான். அது எனக்கும் விளங்கும். ஆனா என்ட நோவு எப்பிடி எண்டு வந்து இருந்து கேட்டவன் அவன்தான். நீ வரக்குள்ள எல்லாம் பொடி எப்பிடி எண்டுதான் கேட்டாய்."

கனகசிங்கம் வாவியிலிருந்து வந்து கூடையைக் குசினி வாசலில் வைத்தார். கூடையின் அடியில் கொஞ்சம் செல்வன் மீன் கிடந்தது, இறால் ஒன்றுகூட இல்லை. வதனி எழுந்து போய்க் கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தினாள். செதிலைச் சுரண்டத் தொடங்கினாள்.

"வாலில இருந்து சுரண்டு" என்றாள் விறாந்தையிலிருந்து அஜந்தா. "உனக்கு அதுகும் தெரியாது."

வதனி மீனைத் திருப்பிப் பிடித்தாள்.